சரக்கறைத் தராசு

போ பாசேன் சிறையில் பருப்பு மூட்டை நிறுக்கும் தராசு
என் பொறுப்பில் இருந்தது.
நாற்பத்தொன்றாம் வருஷம், ஒரு சனிக்கிழமை,
செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றான்
லோத்தார் பிங்குஸ், அறை எண் இருநூற்றுப் பதினேழு.
எழுபத்திரண்டு, என்றேன்.
மிடில்வெயிட், என்று திருத்தினான்,
நான் ஏதோ தப்பாகப் படித்துவிட்ட மாதிரி.

பிரெஸ்லாவ் நகரத்துக்காரன்.
அறுபத்துமூன்று பந்தயம், ஐம்பத்தொன்றில் வெற்றி,
அத்தனையும் அமெச்சூர்.
அப்படியென்றால்?
அவன் பிரெஞ்சு ஒரு காலில் நொண்டும், என்னுடையது மறுகாலில்.
காசு வாங்காமல் அடிப்பது, மிஸ்யே அப்பாவு,
காசு வாங்காமல் அடிபடுவது.
எங்கள் பாட்டனைக் கப்பலேற்றிய தரகன்கூட
மாதம் ஐந்து ரூபாய் என்று வாயாலாவது சொன்னானே, என்றேன்.
சிரித்தான். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.
ஒன்று ஹாம்பர்க்கில் போனது, கயிறுகளுக்கு உள்ளே.
மற்றது தெருவில், முப்பத்தெட்டில்,
அதற்கு நடுவர் இல்லை.

முப்பத்துமூன்றில் சங்கம் அவன் பெயரை அடித்தது.
பெட்டியில் கிடந்த கையுறையைத் தபாலில் அனுப்பியது,
தபால்செலவு அவன் கணக்கில்.

எங்கள் பதிவேட்டில் தேசம் என்ற கட்டத்தில்
ஜெர்மன் என்று எழுதி, சிவப்பு மையால் கோடு போட்டு,
மேலே ஒரு கேள்விக்குறி.
குற்றம்: காலி.
தண்டனைக் காலம்: காலி.
திருடனுக்குக்கூட விடுதலைத் தேதி உண்டு.

மதிலுக்கு அந்தப் பக்கம், பெண்களின் தகரக் கொட்டகையில்,
அவன் மனைவி ஹெட்விக்.
சாயங்காலம் முற்றத்தில் அவன் கயிறு தாண்டுவான்.
தரையில் கயிறு படும் ஓசை மதிலேறிப் போகும்.
மூன்று நிமிஷம் முடிந்ததும்
அங்கேயிருந்து தகரத்தில் ஒரு தட்டு.
ஒரு நிமிஷம் மௌனம்.
மறுபடி ஒரு தட்டு.
முற்றத்தில் காவல் நின்ற நான்
காது கேட்காதவனாக இருந்தேன்.

நாற்பத்திரண்டு ஜூனில் பெரியதுரைக்கு வேடிக்கை வேண்டியிருந்தது.
குயர்பிப்பிலிருந்து கார்ப்பரல் ஃபெலிசியேனைக் கூட்டிவந்தார்கள்,
கரும்புவண்டி மாடு மாதிரி கழுத்து.
மணி இல்லை; தண்டவாளத் துண்டும் கரண்டியும் என் கையில்.
மூன்று சுற்று.
லோத்தார் அப்போது அறுபத்தாறு கிலோ, வெல்டர்.
கார்ப்பரலின் குத்துகள் அவன் ஒரு கணம் முன்பு நின்ற இடத்தை
வெகு நேர்த்தியாக அடித்துக்கொண்டிருந்தன.
கடைசியில் கார்ப்பரலே அவன் கையைத் தூக்கிவிட்டான்.

துரை பத்து ரூபாய் நோட்டை நீட்டினார்.
மன்னிக்கவும், வாங்கினால் நான் அமெச்சூர் இல்லை,
அடுத்த ஒலிம்பிக்ஸில் விடமாட்டார்கள்.
முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை.
துரை நோட்டைத் தராசில் வீசிவிட்டுப் போனார்.
முள் அசையவில்லை.
பர்மா அரிசி நின்றுபோன வருஷம் அது,
வீட்டில் மக்காச்சோளமும் மரவள்ளியும்.
எடுத்தேன்.
நான்தான் எடுத்தேன்.

பிறகு மலேரியா. அறுபத்தொன்று.
அடுத்த மழைக்குள் ஐம்பத்தேழு.
எவனும் அவனை வீழ்த்தவில்லை,
மாடிப்படி இறங்குவதுபோல்
ஒவ்வொரு வகுப்பாக இறங்கிக்கொண்டிருந்தான்.
பெதர்வெயிட், என்றான்.
இறகு, என்றேன் எங்கள் பாஷையில்.
இரகு, இரக்கு, இழகு என்று மென்று பார்த்தான்,
அந்தப் பல் இருந்திருந்தால் வந்திருக்கலாம்.
கொயினா வாங்க நோட்டைத் திருப்பித் தர நினைத்தேன்.
சோளமாவாகிச் செரித்துப் போயிருந்தது.

நாற்பத்தைந்து ஆகஸ்டில் கப்பல் வந்தது.
முந்தைய நாள், சனிக்கிழமை இல்லை,
இரண்டு பேரும் சரக்கறைக்கு வந்தார்கள்.
அவளை நான் பக்கத்தில் பார்த்தது அன்றுதான்,
கைக்கடிகாரத்தின் கண்ணாடியில் விரிசல்.
சேர்ந்தே ஏறினார்கள், பலகை முனகியது.
நூற்றுப் பத்து.
இது எந்த வகுப்பு, என்றேன்.
அவன் யோசித்தான்.
ஹெவிவெயிட், என்றாள் அவள்.

வழக்கம்போல் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
தேதி போட்டு எழுதினேன்.
தணிக்கைக்கு வந்தவர் பென்சிலால் வட்டமிட்டு
பக்கத்தில் கேட்டிருந்தார்:
நூற்றுப் பத்து கிலோ, என்ன சரக்கு?
பதில் எழுதவில்லை.
அந்தப் பத்து ரூபாயைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.